உப்புக்கறி

முற்பிறவியில் நான் ஜமீன்தார்.
இதைக் கானாடுகாத்தானில் யாரிடம் சொன்னாலும்
"அப்ப பாக்கியை எப்பக் கட்டுவீக, ஜமீன்?" என்கிறார்கள்.
உமையாள் மெஸ்ஸில் நான் கறி மாஸ்டர்.
நாளுக்கு எழுநூறு.
ஞாயிறென்றால் கூட நூறு.

எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான்.
முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் பூசித் தேய்த்த சுவர்,
அதில் கலங்கித் தெரிந்த ஒரு முகம்,
வெள்ளித் தட்டு, தட்டில் உப்புக்கறி.
அதன் வாசனை நெஞ்சுக்குள் இறங்கி
நாற்காலி போட்டு உட்கார்ந்தது.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு புதுவயல் அரிசி ஆலையில்
நெல் காயப்போடுகிறவள் வயிற்றில் பிறந்தேன்.

பதினோரு வருஷமாய் அந்தக் கறியைத் தேடுகிறேன்.
வெள்ளாட்டுத் தொடை, கொஞ்சம் நெஞ்செலும்பு,
விதை உதிர்த்த மிளகாய், கை கொள்ளாத சின்ன வெங்காயம்,
நல்லெண்ணெய் பிரிகிற வரை
தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கிளறல்.
கல்பாசி போட்டேன். அடுத்த வாரம் எடுத்தேன்.
மராட்டி மொக்கை இடித்துப் பார்த்தேன்.
தின்றவர்கள் விரலைச் சப்பினார்கள்.
திருச்சிக்காரர் ஒருவர் சட்டியைப் படம் எடுத்தார்.
எனக்குத்தான் கடைசியில் வரவேண்டியது வரவில்லை:
நாக்கு நுனியில் ஒரு மரப்பு,
அடித்தொண்டையில்
யாரோ கதவைச் சாத்துவது போல ஒரு கசப்பு.

"ஏண்ணே," என்றாள் பூமயில், வெங்காயத்திலிருந்து நிமிராமல்,
"ஜமீனு எந்தக் காலத்துல அடுப்படிக்கு வந்துச்சு?
அம்மியில நிக்கையில ஒங்க தோளு எறங்குதே,
அது எலைக்கு முன்னாடி ஒக்காந்தவன் தோளா?"

சிரித்து வைத்தேன்.

மறுநாள் திருமயம் ரோட்டில்
நடுத்திட்டு அரளியைக் கடித்த ஆடு ஒன்று
வாயில் நுரையோடு கிடந்தது.
சைக்கிளை நிறுத்தினேன்.
கிள்ளிய தண்டில் பால் கசிந்துகொண்டிருந்தது.
அந்த வாசனை.
அங்கேயே, மணல் லாரிகளுக்கு நடுவே,
எனக்கு மிச்சமும் ஞாபகம் வந்தது.

வெள்ளித் தட்டு என் முன்னால் இல்லை,
என் கையில் இருந்தது.
சுவரில் தெரிந்த முகத்துக்குத் தலைப்பாகை இல்லை.
இடுப்பில் கரி படிந்த துண்டு.
எதிரே மெத்தையிலிருந்து ஒரு குரல்:
"நீ ஒரு வாய் தின்னு."
தின்றேன்.
மறுத்தால் தெரிந்துவிடும்.

முற்பிறவி கண்டவன் எவனைக் கேட்டாலும்
ராஜா, திவான், தளபதி.
விறகு பிளந்தவனுக்கு மறுபிறப்பே கிடையாதா என்று
எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.
எனக்கும் பட்டு வேட்டிதான் வேண்டியிருந்தது.

எதற்காகச் செய்தேன், தெரியவில்லை.
காரணம் இல்லாமலா இருந்திருக்கும்?
ஒரு பெண்ணின் பெயர் நாக்கு வரை வந்து
கசப்பைக் கண்டு திரும்பிப் போகிறது.
நான் விழுந்த பிறகு
அவர் சாப்பிட்டாரா, தட்டைத் தள்ளினாரா?
அதைத் தெரிந்துகொள்ள
நான் இன்னும் ஒரு நிமிஷம் உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

இன்று மதியம் கூட்டம்.
மூன்றாம் மேசையில்,
பழைய வீட்டுத் தேக்குத் தூண்களுக்கு விலை பேச வந்தவர்
இலையைச் சுற்றி ஒருமுறை தண்ணீர் விட்டார்.
கறியை வைத்தேன்.
முகர்ந்தார். கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.
"காரம் எப்படின்னு நீங்க ஒரு வாய் பாருங்க, மாஸ்டர்."

பூமயில் ஜன்னல் வழியே பார்த்தாள்.
ஒரு துண்டை எடுத்து மென்றேன்.
உப்பு சரி. காரம் சரி.
நாக்கு மரக்கிறதா என்று
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.
அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்,
சோற்றைப் பிசையாமல்.